ஜக்கம்மா குடித்த ஒரு மடக்கு

பழம் எங்கே வாங்கினாய் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. காலையில் எழுந்ததிலிருந்து விஜய்ராஜுக்கு இந்த ஒரே கவலைதான்.

சொந்த ஊர் தேனி. பெங்களூரில் சின்னதாக ஒரு பீர் ஆலை வைத்திருக்கிறான். பழவாசனை வீசும் கலங்கல் பீர்தான் அவன் சரக்கு. சுருளி அருவிக்குப் போகிற சாலையில் ரிசார்ட் நடத்தும் சூரியபிரகாஷ், ருசி பார்த்துப் பிடித்திருந்தால் தன்னுடைய ஐந்து ரிசார்ட்டுக்கும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஆலை பிழைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே பூட்டிவிட்டு, மாமனாரின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும். அந்த மாமனாரைத் தெரிந்தவர்கள், அதற்கு ஜெயிலே தேவலை என்பார்கள்.

ரிசார்ட் அறையில் பாட்டிலைத் திறந்து கண்ணாடிக் கோப்பையில் பக்குவமாகச் சாய்த்தான். வெளிர் ஊதா நிறத்தில், மேலே ஒரு விரல் நுரையோடு நின்றது பீர்.

"என்னப்பா இப்படிக் கலங்கிக் கெடக்கு? கெட்டுப்போச்சா?" என்றார் சூரியபிரகாஷ்.

"இல்லண்ணே, இது வடிகட்டாத பீர். கலங்கலா இருந்தாத்தான் இப்ப மவுசு. லேபிளைப் பாருங்க."

லேபிளில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'சுருளிப்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் செய்தது.'

சூரியபிரகாஷ் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்து, நாக்கிலேயே நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! கசப்பே தெரியல. மொதல்ல பழம் வருது, அப்புறந்தான் பீர் வருது. பிரமாதம்பா!" கண்ணைத் திறந்தார். "ஆனா நெசமாவே நம்ம ஊர்ப் பழந்தானா? ஊர்ப் பேரைச் சொல்லி விக்கப் போறேன். பொய்னு தெரிஞ்சா எம் பேருல்ல நாறும்?"

"சத்தியமா நம்ம ஊர்ப் பழந்தாண்ணே." விஜய்ராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அறையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்தா ஜக்கம்மா வர வேண்டும்!

ரிசார்ட் சமையலறைக்குத் திராட்சை கொண்டுவந்து போடுகிறவள். சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் அவளுக்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால், வெட்டுக்கு நின்ற பழத்தில் பாதியை எவனோ ராவோடு ராவாக அறுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எதிரே வருகிறவனையெல்லாம் அவள் முறைத்துக்கொண்டுதான் போகிறாள்.

"வாங்கக்கா," என்றார் சூரியபிரகாஷ். "உங்க ஊர்ப் பழத்துல செஞ்ச பீராம். வாசம் மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"அய்ய, நமக்கெதுக்கு மொதலாளி இந்தக் கருமம்?" என்றபடியே கோப்பையை வாங்கி மோந்தாள். மூக்கு விடைத்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு மடக்குக் குடித்தே விட்டாள்.

"ஏலே! இது எந் தோட்டத்துப் பழம்டா!"

விஜய்ராஜ் ஒரு எட்டு பின்வாங்கினான். "யக்கா, பீரைக் குடிச்சுப் பாத்துத் தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?"

"ஏன் முடியாது? இருவது வருசமா வாயில போட்டுப் பாத்துத்தான் வெட்டவே சொல்றேன். எங் கெணத்துத் தண்ணியில லேசா உப்புக் கரிக்கும். அது இதுல அப்படியே நிக்குது. களவாணிப் பயலே, நீதானா அது?"

"நான் திருடலக்கா. வெலை குடுத்து வாங்கினது."

"யாருகிட்ட? எந்தப் பந்தல்னு சொல்லு. சுருளிப்பட்டியில பந்தல் போட்ட எல்லாருமே நமக்குச் சொந்தக்காரவுகதான். இங்கனயே போனைப் போட்டுக் கேட்டுருவோம்."

விஜய்ராஜ் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லேம்பா. பில்லாவது வச்சிருக்கியா?" சூரியபிரகாஷின் குரலும் மாறியிருந்தது.

பில்லும் இல்லை.

"அப்ப ஏட்டையாவைக் கூப்பிட வேண்டியதுதான்," என்று ஜக்கம்மா இடுப்பிலிருந்து செல்போனை உருவினாள். "போன வாரங்கூட வந்தாக. ஆளு ஆப்புட்டா உடனே சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் போனாக."

விஜய்ராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"தப்புத்தாங்க்கா! ரெண்டு பேரு வேன்ல கொண்டாந்து குடுத்தானுக. களவாண்ட பழம்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். இது உங்க பழந்தான். முழுக்க முழுக்க உங்க பழம்!"

ஜக்கம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இரண்டு மாத ஆத்திரம் ஒரு நிமிடத்தில் இறங்கியதில், திட்டுவதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீகளா மொதலாளி, எந் நாக்கு பொய் சொல்லுமா? சரிடா, எந்திரி. போலீசு வேணாம். ஆனா வர்ற வெட்டுல இருந்து மொத்தத் தோட்டத்துப் பழத்தையும் நீதான் எடுத்துக்கணும். நாஞ் சொல்றதுதான் வெலை. என்ன சொல்ற?"

"எடுத்துக்கிறேங்க்கா."

சூரியபிரகாஷ் வெளியே துரத்தப் போகிறார் என்று நினைத்துத்தான் விஜய்ராஜ் திரும்பினான். அவரோ சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பீர் பாட்டிலைக்கூடத் தொடாத அக்கா, ஒரே மடக்குல பந்தலையே சொல்லிட்டாக! இதுக்கு மேல என்னய்யா சர்டிபிகேட் வேணும்? ஆளு களவாணியா இருந்தாலும் பழம் அசல்!"

ஐந்து ரிசார்ட்டுக்குமாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஜக்கம்மா கோப்பையில் மிச்சமிருந்ததையும் ஒரே இழுப்பில் காலி செய்துவிட்டு, ராணி மாதிரி நடந்து போனாள்.

விஜய்ராஜ் காருக்குள் போய் உட்கார்ந்து, நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பெங்களூர் ஆலையில் இருந்த கூட்டாளி மகிழனைப் போனில் பிடித்தான்.

"ஆர்டர் கெடச்சிருச்சுடா மகிழா. ஆனா இனிமே திராட்சை எசென்ஸ் வாங்காத. நெசத் திராட்சையைப் போட்டு பீர் செய்யுறது எப்படின்னு உடனே யூடியூப்ல பாரு!"