மூன்றாவது வளைவு

பிளாஸ்கை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள் மேவிஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தன் காலிக் கோப்பையை நீட்டினார்.

"ஒரு வாய் டீ ஊத்துங்கம்மா. இங்க கடையில விக்கிறது வெறும் சுடுதண்ணி."

"இது உங்களுக்கு இல்ல. என் வீட்டுக்காரர் சமாச்சாரம்."

"அவரு எங்க?"

"என்கூடத்தான் வந்திருக்காரு."

டன்மூர் மைதானத்தில் அன்று பழைய ஸ்பீட்வே ரசிகர்கள் கூடும் ஞாயிறு. அறுபது, எழுபதுகளில் ஓடிய பந்தய மோட்டார் சைக்கிள்களைத் துடைத்து வெளியே எடுத்திருந்தார்கள். நாலு வண்டி, நாலு சுற்று, எதிலும் பிரேக் கிடையாது. வளைவில் சரிந்து வழுக்கிக்கொண்டு போகும்போது விளக்கெண்ணெய் கலந்த புகை எழும். அந்த வாசனைக்காகவே கிழடுகள் மூக்கை நீட்டிக்கொண்டு வேலியோரம் நின்றன.

கிழவர் பெயர் ரெஜ். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் பேனாவால் நிரப்பிக்கொண்டே பேசினார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"கிராக்பி."

"அடப் பாவமே." ரெஜ் சிரித்தார். "எதிரிக் கூடாரத்துலேர்ந்து வந்து எவ்வளவு தைரியமா உக்காந்திருக்கீங்க. எழுபத்தொண்ணுல உங்காளுங்க எங்க பஸ் கண்ணாடிய உடைச்சாங்க. மறப்போமா? உங்க தடமும் ஒரு தடமா? கரித்தூளக் கொட்டி வெச்சிருப்பாங்க. ஒரு பந்தயம் பாத்துட்டு வந்தா சுரங்கத்துலேர்ந்து ஏறி வந்தவன் மாதிரி கறுத்துப் போயிருப்போம்."

"நான் ஒரு நாளும் போனதில்ல. அவருதான் போவாரு. டிவியில உங்க ஊர் பேரு வந்தாலே எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடுவாரு."

"நல்ல கிராக்பிக்காரன். அப்படித்தான் இருக்கணும்."

மேவிஸுக்கு அது போதுமாக இருந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள்.

அவள் கணவன் சிரில் செத்து நாலு மாதம் ஆகிறது. பிளாஸ்கில் இருந்தது அவனுடைய சாம்பல். கிராக்பி மைதானத்தை இடித்து சூப்பர் மார்க்கெட் கட்டி இருபது வருடம் ஆகிவிட்டது. இடிக்காமல் இருந்திருந்தாலும் அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்க மாட்டாள்.

முப்பது வருடம், பந்தயக் காலமான ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஒரு வெள்ளிக்கிழமைகூட அவன் வீட்டில் தங்கியதில்லை. அதையெல்லாம் மன்னித்துத் தொலைத்திருப்பாள். 1969 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அன்று வலி எடுத்து, தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. பந்தயம் முடிந்தபிறகு சிரில் வந்து, கோட்டெல்லாம் சிவப்புத் தூசியோடு அவள் கட்டிலின் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்தான். குழந்தை எங்கே என்று கேட்பதற்கு முன்னால், "ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டோம்" என்றான்.

உயிரோடு இருந்தவரை அவனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாம்பலாகக் கைக்கு வந்தபிறகுதான் புத்தி வேலை செய்தது.

இடைவேளையில் ரசிகர்களைத் தடத்தில் இறங்கி நடக்க விட்டார்கள். மேவிஸ் யாரையும் பார்க்காமல் மூன்றாவது வளைவு வரை போனாள். பின்சக்கரங்கள் மண்ணை வாரி இறைப்பது அங்கேதான். மூடியைத் திருகிப் பிளாஸ்கைக் கவிழ்த்தாள். அடியைத் தட்டித் தட்டிக் கடைசித் துகள்வரை கொட்டினாள். செம்மண்ணோடு சேரும்படி ஷூ காலால் நன்றாகத் தேய்த்தும் விட்டாள்.

ஐம்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" ரெஜ் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என் புருஷனக் கொட்டினேன். சிரில் ஹாக்ஸ்டன். கிராக்பிக்காரன். செத்தாலும் இந்த மண்ண மிதிக்க மாட்டான். இனிமே வாராவாரம் உங்க வண்டிங்க அவன் மேல ஏறிப் போகட்டும். நீங்க கைதட்டுங்க, அவன் கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்."

ரெஜ் காலடி மண்ணைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் திரும்பிக் கையசைத்தார்.

"ஐவி, பெர்ட், எல்லாரும் இங்க வாங்க. சிரில் ஹாக்ஸ்டன்."

ஏழெட்டுக் கிழவர் கிழவிகள் வந்து சுற்றி நின்றார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேவிஸுக்கு எரிச்சல் வந்தது. "எதிரிக்கு எதுக்கு இந்த மரியாதை?"

"அவன் வேலை பாத்த ஆலை பூரா கிராக்பி ஆளுங்கம்மா" என்றார் ரெஜ். "அவன் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாங்க. பெண்டாட்டி வெள்ளிக்கிழமை வெளிய விடமாட்டேங்கிறான்னு அவங்ககிட்ட புளுகிட்டு, ரெண்டு பஸ் மாறி இங்க ஓடி வந்துடுவான். முப்பது வருஷமும் இதே வளைவுலதான் எங்களோட நின்னான்."

மேவிஸ் குனிந்து பார்த்தாள். எது சாம்பல், எது மண் என்று தெரியவில்லை.

ரெஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தா இங்கதான் கொட்டணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான்மா. உங்ககிட்ட கேக்கத்தான் பயந்தான்."