ஈரம் என்று எழுதியவர்

"இந்த ஆளை உள்ள விட்டது யாரு?" என்றார் டெனிஸ் கிளாம்ப்.

நாட்டிங்ஹாமில் ஒரு நூலகத்தின் மாடி. இடித்துத் தள்ளப்பட்ட டாவ்லிஷ் தெருவின் ஆட்கள் செவ்வாய்தோறும் காலையில் கூடிப் பழங்கதை பேசுகிற இடம். எந்தக் கடை அவித்த பட்டாணியில் புதினா தூக்கலாக இருந்தது என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். தெரு போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கதை மட்டும் வாராவாரம் வளர்கிறது.

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றவர் ரோலண்ட் டன். அந்தக் காலத்து நகராட்சி ஆய்வாளர். வீடு வீடாக ஏறி இறங்கி, 'குடியிருக்க ஆகாது' என்று எழுதிக்கொண்டு போனவர். அதை வைத்துத்தான் தெருவை இடித்தார்கள்.

"நானும் சேர்ந்துக்கலாமான்னு வந்தேன்," என்றார் டன். "வீட்டுல தனியா இருக்கேன். அந்தத் தெருவைப் பத்திப் பேசணும்னா உங்களை விட்டா யாரும் இல்ல."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்றார் ஹ்யூபர்ட். ஜமைக்காவிலிருந்து வந்து முப்பது வருடம் இந்த ஊர்ப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். கூட்டம் சிரித்தது.

டெனிஸ் சிரிக்கவில்லை. தெருவை இடிக்கக் கூடாதென்று, 'நாங்கள் நகர மாட்டோம்' என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தவர் அவர்.

"நாலாயிரம் பேர் என் பின்னால வந்தாங்க, டன். ஞாபகம் இருக்கா?"

"போன மாசம் ரெண்டாயிரம்னீங்களே, தலைவரே," என்றார் ஹ்யூபர்ட்.

"மழை விட்டப்புறம் மீதிப் பேரு வந்தாங்க. ஓட்டுக்கு விடுறேன். இவரைச் சேர்க்கலாமா, துரத்தலாமா?"

"முதல்ல நான் ஒண்ணு கேக்கணும்," என்று எழுந்தார் ஐவி ஓல்டர்ஷா. எண்பத்திரண்டு வயது. "மிஸ்டர் டன், பதினாலாம் நம்பர் வீடு. ஆய்வாளர் வர்றார்னு மூணு நாள் தேய்ச்சேன். வாசப்படியில முகம் பாத்துத் தலை சீவலாம். ஜன்னலுக்கு நல்ல திரை இல்லைன்னு கடன் வாங்கி மாட்டினேன்."

"என் திரை," என்றார் ஹ்யூபர்ட். "திருப்பித் தரவே இல்ல."

"பச்சைப் பூப்போட்டது," என்றார் டன். "அன்னைக்கு நாலு வீட்டுல அதைப் பாத்தேன். எனக்கு முன்னாடி முன்னாடி கொல்லைப்புறமா ஓடிச்சு."

ஐவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சுவரு அப்பளம் மாதிரி காஞ்சு கிடந்துச்சு. நீங்க என்ன எழுதினீங்க?"

டன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு நோட்டை எடுத்துப் புரட்டினார். "பதினாலு. சுவர் முழுக்க ஈரம். குடியிருக்க ஆகாது."

"பொய்."

"பொய்தாங்க. உள்ளதை எழுதியிருந்தா, தெரு நல்லாத்தான் இருக்குன்னு விட்டிருப்பாங்க. இன்னும் முப்பது வருஷம் முற்றத்துக் கழிப்பறைக்குப் பனியில நடந்திருப்பீங்க. ஈரம்னு எழுதினாத்தான் நகராட்சி குளியலறை வெச்ச புது வீடு தரும்."

புது வீட்டில் முதல் வாரம் முழுக்கத் தினம் இரண்டு வேளை குளித்தது ஐவிக்கு ஞாபகம் வந்தது. வெளியே சொல்லவில்லை. வேறு சிலரும் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

டெனிஸ் மேசையைத் தட்டினார். "உங்களை யாரு கேட்டது? டாவ்லிஷ் தெருவுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், குளியலறை வேணும்னு உங்க காலைப் பிடிச்சானா?"

டன் நோட்டை மூடினார். "இல்லீங்க. நானாத்தான் எழுதினேன்."

"கேட்டுக்குங்க. துரத்தலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஐவியின் கை பாதியில் நின்றது.

"போகலாம், டன். நோட்டை வெச்சுட்டுப் போங்க. அது எங்க சரித்திரம்."

டெனிஸ் நோட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. டன் தன் வயதுக்கு மீறிய வேகத்தில் குனிந்தார்.

"அது வேண்டாங்க. அது சொந்தக் கடிதம்."

அதற்குள் ஐவி எடுத்துவிட்டார். "மேல டாவ்லிஷ் தெருன்னு போட்டிருக்கே."

"சத்தமா வாசி, ஐவி. எல்லார் காதிலயும் விழட்டும்."

ஐவி வாசித்தார். "'ஐயா, எங்கள் வீட்டையும் ஈரம் என்று எழுதிவிடுங்கள். மூன்று பிள்ளைகளைத் தகரத் தொட்டியில் குளிப்பாட்டி என் மனைவிக்கு இடுப்பே போய்விட்டது. வெளியில் நான் என்ன பேசினாலும் பொருட்படுத்த வேண்டாம். தயவுசெய்து இது யாருக்கும் தெரியக் கூடாது.'"

"துரோகி," என்றார் டெனிஸ். "நமக்குள்ளயே ஒருத்தன் இருந்திருக்கான் பாருங்க." அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஐம்பது வருடமாகச் சொன்ன கதையை முதலில் நம்பியவர் அவர்தான். "பேரை வாசி. ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

ஐவி காகிதத்தின் அடியைப் பார்த்தார். நீல மையில் கொட்டை எழுத்து: டெனிஸ் கிளாம்ப். பழக்க தோஷத்தில் கீழே பதவியையும் போட்டிருந்தார்: தலைவர், இடிப்பு எதிர்ப்புக் குழு.

டன், வேண்டாம் என்பது போல் மெல்லத் தலையசைத்தார்.

ஐவி காகிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"பேரு தெரியல, கண்ணு. ஈரம் பட்டு அழிஞ்சு போச்சு. மிஸ்டர் டன், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க."