சிலிண்டருக்குள் காற்று

"இன்னா சகாயம் அண்ணா, என் வண்டியைத் திருப்பித் தர்ற ஐடியா கீதா, இல்ல ஆர்.சி. புக்கை உங்க பேருக்கே மாத்திடட்டுமா?"

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கேட்டான் சரத். வாரம் ஆறு நாள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூர் வேலைக்குப் போய் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒரு பெரிய பைக் வைத்திருந்தான். அது சகாயத்திடம் ரிப்பேருக்கு வந்து இன்றோடு ஐந்தாவது சனிக்கிழமை.

"கோச்சுக்காதீங்க தம்பி. கிளட்ச்சுதான் இன்னும் நிக்கல" என்றார் சகாயம், கையைத் துடைத்தபடி.

சரத் கிளட்ச் லிவரை அமுக்கிப் பார்த்தான். டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி அது சத்தமில்லாமல் மடங்கி ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது.

"மொதல் வாரம் ஸ்லேவ் சிலிண்டர்ல சீல் போச்சுன்னீங்க. மாத்துனீங்க. ரெண்டாவது வாரம் சிலிண்டரே போச்சுன்னீங்க. அதையும் மாத்துனீங்க. மூணாவது வாரம் பைப்பு. இனிமே மாத்தறதுக்கு மிச்சம் நான் ஒருத்தன்தான்."

"இது கேபிள் கிளட்ச் இல்ல தம்பி. நீங்க மேல அமுக்குனா ஆயிலு பைப் வழியா எறங்கி, எஞ்சின்கிட்ட கீற ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளணும். அது கிளட்ச்சைத் தள்ளணும். நடுவுல துளி காத்து நின்னாலும் லிவர் தொளதொளன்னுதான் வரும். அந்தக் காத்தைத்தான் எடுத்துக்கினே கீறேன்."

"அஞ்சு வாரமாவா? ஒரு ஊருக்கே ஃபேன் போட்டிருக்கலாமே!"

அதற்குள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு சரத்தின் மனைவி சங்கமித்ரா வந்து சேர்ந்தாள். சரத்தாவது கிண்டலோடு நிறுத்துவான். இவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"ஏன் அண்ணா, இதே ஊர்ல அத்தனை ஆழத்துக்குச் சுரங்க ஷாஃப்ட்ல எறங்கி, பாறைக்குள்ள இருந்து தங்கத்தையே எடுத்தாங்க. இத்தனூண்டு சிலிண்டர்லேர்ந்து உங்களால காத்தை எடுக்க முடியலியா?"

தன் மொபெட்டோடு காத்திருந்த வேலு வாய்விட்டுச் சிரித்தார். சகாயம் சிரிக்கவில்லை.

"ஸ்லேவுன்னா அடிமைதானே? பேரை அப்படி வெச்சுக்கினு சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. எங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு கீது" என்றாள் சங்கமித்ரா.

"என்னை ஏண்டி நடுவுல இழுக்கறே?" என்றான் சரத்.

"முப்பது வருஷ அனுபவம்னு போர்டு வேற. முப்பது வருஷமா ஒரே வண்டியைப் பாத்துக்கினு இருந்தாரோ இன்னாவோ!"

வேலு மெதுவாக மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "நான் நாளைக்கு வரேன் சகாயம்."

அவர் நாளைக்கு வரமாட்டார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. சகாயத்தின் முகம் சுண்டிப்போனது.

சரத்தின் போன் அடித்தது. "மச்சா, நாளைக்கும் நீங்களே போங்கடா. என் வண்டி இன்னும் ஐ.சி.யூ.லதான் கீது. டாக்டரு கைய விரிக்கவும் மாட்டேங்கறாரு, டிஸ்சார்ஜ் பண்ணவும் மாட்டேங்கறாரு." வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தான். "போதும் அண்ணா. நாளைக்கு டெம்போ கொண்டாறேன். பெங்களூர்ல குடுத்தா ஒரே மணி நேரத்துல முடிச்சிடுவாங்க."

சகாயத்தின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது.

"குடுங்க குடுங்க" என்றாள் சங்கமித்ரா. "அங்க ஏசி ரூம்ல உக்கார வெச்சு, சார் சார்னு சொல்லியே ஆறு வாரம் இழுப்பான். டெய்லி டூட்டி முடிச்சு அங்க போய் நில்லுங்க. அவனைத் திட்டவும் முடியாது. இவராவது எவ்ளோ திட்டுனாலும் வாங்கிக்கறாரு."

யோசித்துப் பார்த்ததில் சரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "அடுத்த சனிக்கிழமை. அதான் கடைசி" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து நடந்தான்.

"நீங்க போங்க. நான் இவரை இன்னும் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சங்கமித்ரா.

அவன் ரோட்டைத் தாண்டும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு அவள் குரல் அடியோடு இறங்கியது.

"ரொம்பப் பேசிட்டேனா அண்ணா? வேலு அண்ணன் வேற போய்ட்டாரே."

"விடும்மா. அவரு வண்டிக்குக் கடவுள்தான் மெக்கானிக்கு." சகாயம் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். "மொதல் நாளே சரியாப்போன வண்டியை அஞ்சு வாரமா கெடுக்கறதுதான் பேஜாரா கீது. காலையிலகூட கிளட்ச்சு ஜம்முனு நின்னுச்சு. நீங்க வர்ற நேரத்துக்குத்தான் மறுபடி காத்தை உள்ள வுட்டேன்."

"அந்த எக்ஸ்பிரஸ் ரோட்டுல இவரு கூடவே ரேஸ் வுட்டு செத்துப்போன ஃப்ரெண்டு கிரணைப் பொதைச்ச மண்ணு காயல, இவரு அடுத்த ரேஸுக்கு வண்டியைத் துடைச்சுக்கினு நின்னாரு. எனக்கு இது அஞ்சாம் மாசம். புள்ளை மொகத்தைப் பாக்கற வரைக்குமாவது இழுத்துடுங்க அண்ணா."

"அடுத்த வாரம் பார்ட்டு கப்பல்ல வருதுன்னு சொல்லிக்கறேன்" என்றார் சகாயம். "நீ மட்டும் திட்டறதைக் கொறைச்சிடாதம்மா, சந்தேகம் வந்துரும்!"