உள்ளே இருப்பவர்கள்: 2

ஆஸ்பத்திரியின் முன்பதிவுத் தளத்தை இருபது வருடங்களுக்கு முன்னால் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதியது என் அண்ணன். அவன் இறந்துபோன பிறகு அது என் பொறுப்புக்கு வந்தது. பராமரிப்புப் பகுதியின் கடவுச்சொல் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் வரும். நான் நுழைந்தால் 2 என்று காட்டும்.

எண்ணும் நிரலைப் படித்துப் பார்த்தேன். நான்கே வரிகள். தப்பு வர வழியே இல்லை.

“இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஓட்டை உடைசலைக் கட்டிட்டு அழறது?” என்றார் மேனேஜர்.

“இது ஒரு நாள்கூடப் படுத்ததில்ல, சார்.”

புது மொழியில் எழுதினோம். மூன்று முறை படுத்தது. மூன்று முறையும் பழையதுதான் கைகொடுத்தது. நான்காம் முறை புதியது படுக்காமல் ஓடியது. அதில் நுழைந்தேன். 1 என்று காட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“பழைய சர்வரை நீயே அணைச்சிடும்மா. உங்க அண்ணன் எழுதினதாச்சே,” என்றார் மேனேஜர்.

சர்வர் அறையில் கடைசியாக ஒரு தடவை பழைய தளத்துக்குள் நுழைந்தேன். 2. வெளியேறினேன். 1.

“அண்ணா, நீயும் வெளிய வந்துடுண்ணா.”

விரலை ஸ்விட்சில் வைத்தபடி நின்றேன். எண் மாறவில்லை.

மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஆச்சாம்மா?”

“இல்ல சார். உள்ள ஆள் இருக்கு.”