கை வைத்த இடம்

மரம் அறுக்கும் காண்ட்ராக்டர் செங்கோடன், முந்தின நாள் சாயங்காலமே போய் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து, "குடியிருக்கிறவங்க எல்லாம் காலி பண்ணிருங்க, நாளைக்கு அறுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வருவான். சொன்னால் காலையில் மரம் காலியாக இருக்கும். நேற்று நல்ல மழை. நனைய அலுத்துக்கொண்டு, போர்ட்டிகோவில் நின்றபடி வீட்டுச் சுவரில் கையை ஊன்றி, புளியமரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

இன்று ஆட்களோடு வந்தபோது மரம் நிறையக் காக்கைகள். வீட்டு வாசற்படியிலிருந்து எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பின்னாலேயே பல்லிகள். வீட்டுக்காரம்மா கைக்குழந்தையோடு தெருவில் நின்றாள்.

"உள்ள தூக்கிட்டுப் போனாலே வீறிட்டு அழுவறாண்ணா."

"சார் எங்கம்மா?"

"நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்கறாருங்க."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓடிப்போய், அதே இடத்தில் கையை வைத்தான். சுவர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அறுத்து முடியப்போகும் மரத்தில் வருகிற நடுக்கம். அது வந்துவிட்டால் விலகி ஓட மட்டும்தான் நேரம் இருக்கும்.

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது.