ஒரு மதிப்பெண்

"கெட்டில் அதோ இருக்கு. தேநீரை நீயே போட்டுக்கோம்மா. எனக்கு இப்பல்லாம் கை ஓடறதில்ல."

டெர்வலா தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இந்த வருஷம் பாலிடரின் ஊர்த் திருவிழாப் போட்டியில் ஜெயித்த ராணி அவள்தான். கெரி மாவட்டக் கடலோரம் முழுக்க வயசானவர்களைப் போய்ப் பார்ப்பதும் ராணியின் வேலை. 'அவசியம் வா, ஒரு விஷயம் சொல்லணும்' என்று செப்டம்பரிலேயே கடிதம் போட்டிருந்தாள் இந்த பிரீடா கிழவி. நவம்பரில்தான் வர முடிந்தது. கொண்டுவந்து விட்ட கார் பெட்ரோல் போடப் போயிருந்தது.

கணப்பில் நெருப்பில்லை. வீட்டில் பாலும் இல்லை.

"அந்தக் காலத்துல விழாவுக்கு நானும் ஒரு நடுவர்," என்றாள் கிழவி, ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்தபடி. "என் பொண்ணு யூனாவும் ராணிப் போட்டிக்கு வந்தா. பாட்டு, பேச்சு எல்லாத்துலயும் அவதான் முன்னால. பெத்தவளே மார்க்கை அள்ளிக் கொடுத்துட்டான்னு ஊர் பேசுமேன்னு ஒண்ணு குறைச்சேன். அந்த ஒரு மார்க்லதான் தோத்தா."

"அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"மார்க் தாளை எவனோ காட்டிட்டான். மறுநாளே பெட்டியக் கட்டிட்டா. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. நான் சொன்னா காது கொடுக்க மாட்டா. நீ சொல்லு. ராணி சொன்னா கேப்பா."

"எப்ப வருவாங்க?"

"இன்னிக்குத்தான். மாடில அவ படுக்கையெல்லாம் அப்படியே இருக்கு."

முப்பத்திரண்டு வருஷமாய் வராதவள் இன்றைக்கா வரப் போகிறாள் என்று நினைத்தாள் டெர்வலா. செத்துப்போன பிள்ளைக்கு இன்னும் தட்டு வைக்கும் வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். பாவம், கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது போல.

"சொல்றேம்மா," என்றாள், மனசு கேட்காமல்.

வாசலில் கார் நின்ற சத்தம். விட்டால் போதும் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தன் கார் இல்லை. தலை நரைத்த ஒரு பெண்மணி, ஒரு கையில் பெட்டி, மறு கையில் சாவியோடு நின்றாள்.

"யாரும்மா நீ? இந்த வீட்டுல என்ன பண்றே?"

"திருவிழா ராணிங்க. நீங்க...?"

"யூனா. இது எங்க வீடு."

டெர்வலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிழவி உளறவில்லை. மகள் உயிரோடுதான் இருக்கிறாள்.

"நல்ல வேளை வந்தீங்க. உங்கம்மா காத்துக்கிட்டே இருக்காங்க. அந்த மார்க்கைக் குறைச்சது ஊர்ப்பேச்சுக்குப் பயந்துதானாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

யூனா பெட்டியைக் கீழே வைத்தாள். "எப்பச் சொன்னாங்க?"

"இப்பத்தான். சமையல்கட்டுல உக்காந்திருக்காங்க."

யூனா வாசற்படியைத் தாண்டவில்லை.

"நாளைக்கு அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை," என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான் பாஸ்டன்லேர்ந்து வரேன்."

அப்போது உள்ளேயிருந்து இருவருக்கும் கேட்டது: "வந்துட்டியா யூனா?"