தூங்காத மாணவி

"வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டார், ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்த பெரியவர்.

மயக்க மருந்து டாக்டரின் கை, ஊசியோடு அப்படியே நின்றது. அந்தக் குரல் அவளுக்கு அத்துப்படி.

வரலாற்று சார்!

ஏற்றமும் இல்லாத, இறக்கமும் இல்லாத, மின்விசிறி சுற்றுகிற மாதிரிக் குரல். அவர் வகுப்பு எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். சார் வாயைத் திறந்தால் முதல் பெஞ்சு சாயும். போர் மூள்வதற்குள் கடைசி பெஞ்சும் விழுந்துவிடும். எந்தப் படையாலும் முடியாததை சார் தனி ஆளாகச் செய்து முடிப்பார்.

அவள் மட்டும் தூங்க மாட்டாள்.

பாடத்தின் மேல் இருந்த ஆசையால் அல்ல. அவளுக்கு வேடிக்கை பார்க்க வேண்டும். இமை எப்படிச் செருகுகிறது, மூச்சு எந்த இடத்தில் நீள்கிறது, கழுத்து எப்போது தலையைக் கைவிடுகிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்துத் தோழியின் விரலிலிருந்து பேனா நழுவும் முன்பே கையை நீட்டிப் பிடித்துவிடுவாள்.

மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது, மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை.

இப்போது சாருக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். வயதும் ஆகிவிட்டது, இதயமும் நைந்துபோயிருந்தது. மயக்கம் கொடுப்பதே கயிற்றின்மேல் நடக்கிற வேலை. அவர் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வலிக்காது சார். நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவர் தலையைத் திருப்பினார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களையே உற்றுப் பார்த்தார். பிடித்திருந்த போர்வையை விட்டார்.

"அட, நீயா! இந்தக் கண்ணை எங்க பாத்தாலும் தெரியும்மா. என் கிளாஸ்ல திறந்திருந்தது இது ரெண்டுதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாரும் தூங்கியது சாருக்குத் தெரிந்திருக்கிறது!

"அந்த வருஷம் வேலையையே விட்டுடலாம்னு இருந்தேன். ஒரு புள்ளையாவது கேக்குதேன்னுதான் தினமும் வந்தேன்."

அவள் மருந்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

சாருக்கோ பழைய உற்சாகம் வந்துவிட்டது. "எங்க, நான் நடத்துன அந்தக் கடைசிப் போர் எதனால வந்துச்சு? சொல்லு பாக்கலாம்."

சட்டென்று தூங்கவைத்துவிடலாமா என்று அவள் கை துறுதுறுத்தது. ஆனால் இந்த இதயத்துக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும். சார் புருவத்தை உயர்த்தியபடி பதிலுக்குக் காத்திருந்தார். அவள் கூரையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

கடைசியில் சாரின் இமை செருகியது. மூச்சு நீண்டது.

வேலை மளமளவென்று நடந்தது. அவள் சாரின் தலைமாட்டைவிட்டு அசையவில்லை. நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது.

சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் நேரமாகும் டாக்டர். உக்காருங்களேன்."

அவள் தூங்குகிறவரை முகவாயால் சுட்டிக்காட்டினாள்.

"சார் இன்னும் உக்காரச் சொல்லலையே."